போச்சு, அடி, போடு, ஏத்து: ஓ.எஸ். நிறுவலின் வினையியல்

வீட்டுக் கணினி படுத்துவிட்டால் 'இயங்குதளம் பழுதுற்றது' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. 'ஓ.எஸ். போச்சு' என்பதே வழக்கு. கரண்ட் போச்சு, மானம் போச்சு என்ற வரிசையில் ஓ.எஸ்.ஸும் போகிறது. எங்கே போகிறது என்பதை உரையாசிரியர் எவரும் விளக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் கணினி இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம் விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபர் 25இல் வெளியாகி, 2014 ஏப்ரல் 8 வரை மைக்ரோசாஃப்டின் பராமரிப்பில் இருந்தது. பின்னாளைய விண்டோஸ்கள் படுக்கும்போது ஓர் அழுமூஞ்சிக் குறியைக் காட்டி அனுதாபம் தேடும். எக்ஸ்பிக்கு அந்த நாகரிகம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து: 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்'. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக் கூடவே ஓர் உத்தரவு. அழுத்தினால் அதே வரிதான் திரும்ப வரும்.

காணாமல் போனதாகச் சொல்லப்படும் இந்த என்டிஎல்டிஆர், சி டிரைவின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு ஃபைல். ஸ்விட்சைப் போட்டதும் மதர்போர்டில் உள்ள பயாஸ் விழித்து, ராம், கீபோர்டு எல்லாம் சரியா என்று பார்க்கும். பிறகு தனக்குச் சொல்லிவைத்த வரிசையில் ஒவ்வொரு டிஸ்க்காகத் தட்டி, அதன் முதல் 512 பைட்டைப் படிக்கும். அங்கிருந்து கை மாறி என்டிஎல்டிஆருக்கு வரும். அது விண்டோஸை எழுப்பும்.

இங்கேதான் சிக்கல். எக்ஸ்பியில் ஃபார்மட் ஆன ஒரு ஃபிளாப்பியை டிரைவிலேயே மறந்து விட்டிருந்து, வரிசையில் அதுவே முதலில் இருந்தால், பயாஸ் அந்த ஃபிளாப்பியிடம் போய் என்டிஎல்டிஆரைக் கேட்கும். அது கையை விரிக்கும். திரையில் அதே வரி. அதாவது ஓ.எஸ். எங்கும் போகவில்லை, ஃபிளாப்பிதான் வந்திருக்கிறது. 'போச்சு' என்ற வினைக்கு எழுவாயே தவறு என்று நிறுவப்படுகிறது.

இரண்டாம் வினை, அடித்தல். ஃபார்மட்டைத் தமிழர் செய்வதில்லை, அடிக்கிறார்கள். இது சுண்ணாம்பு அடிப்பது போன்றதா, மொட்டை அடிப்பது போன்றதா என்பதில் இரு கட்சி உண்டு. 'குயிக்' ஃபார்மட்டில், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. பழைய சரக்கு அடியில் அப்படியே கிடக்கும், மேலே வேறொன்று எழுதப்படும்வரை. ஆகவே சுண்ணாம்பு. ஆனால் விஸ்டா முதற்கொண்டு முழு ஃபார்மட் டிரைவ் நெடுக பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. அது சந்தேகமில்லாமல் மொட்டை.

கட்சிச் சண்டையைவிட முக்கியமான ஆவணம், அடிப்பதற்கு முன் சர்வீஸுக்கு வந்த தம்பிக்கும் வீட்டுக்காரருக்கும் ஹாலில் நடக்கும் உரையாடல்.

"சார், டேட்டா ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லப்பா. அடிச்சிரு."

"சி டிரைவ்ல எதுவும் வைக்கலையே?"

"சேச்சே, சி-ல எதுக்கு வைக்கணும்? எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு."

டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள், 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரின் ஒரு மூலையில் இருக்கிறது. அந்தத் தம்பி அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்: "அக்கா பொண்ணு வளைகாப்பு ஃபோட்டோ எல்லாம் அதுலதானே இருந்துச்சு?"

மூன்றாம் வினை, போடுதல். ஊசி போடுவது, சோறு போடுவது எல்லாம் இதே வினைதான். எஃப்8 அழுத்தி, ஒருவரும் படிக்காத ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லி, ஐந்தைந்தாக இருபத்தைந்து எழுத்துச் சாவியைத் தட்ட வேண்டும். குழப்பம் வரக்கூடாதென்று ஓ, ஐ, பூஜ்யம், ஒன்று ஆகியவற்றை அந்தச் சாவியில் சேர்ப்பதில்லை. பி-யையும் எட்டையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அட்டையில் தேய்ந்துபோன எழுத்து இவற்றில் எதுவென்று வீடே கூடி வாதிட அது போதும். இதற்கிடையே, சாவி கேட்பதற்கு முன்பே, இடப்பக்கம் '39 நிமிடம்' என்று தோன்றியிருக்கும். அது கடிகார நிமிடம் இல்லை, உத்தேசம்தான். முதல் காபி ஆறி இரண்டாம் காபி வரும்போதும் சில வீடுகளில் அது முப்பதைத் தாண்டி இறங்கியிருக்காது.

கடைசி வினை, ஏத்துதல். லாரியில் மூட்டை ஏத்துவதைப் போல டிரைவர்களை ஏத்த வேண்டும். ஏத்தும்வரை பாட்டு கேட்காது, ஐகான்கள் தோசை அளவில் நிற்கும். நெட்வொர்க் டிரைவரை நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால், நெட் வர அந்த டிரைவர் வேண்டும். மதர்போர்டோடு வந்த சிடி பரண்மேல் எங்கோ இருக்கும்.

எக்ஸ்பி மறைந்தாலும் வினைகள் மாறவில்லை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பல வீடுகளில் இந்தப் பேச்சு மீண்டும் எழும். வாசகருக்கு ஒரு விண்ணப்பம்: 'ஓ.எஸ். போச்சு' என்று அறிவிக்குமுன் சொருகியிருக்கும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். அப்படியும் எழவில்லையென்றால், வருகிற தம்பியிடம் டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். காபி பிறகு கொடுக்கலாம்.