பார்க்கிங் கிடைத்தால் காடு

கலிஃபோர்னியாவில் பிக் பேசின் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க்குக்குப் போய் வருவது என்று பேச்சு எழுந்த அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் குழு பிறந்துவிட்டது. குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. பிறகு கூகுள் ஷீட். யார் யார் வருகிறார்கள், யாருக்கு எது ஒவ்வாது, யார் வீட்டுக் கார், யார் சன்ஸ்கிரீன் என்று தனித்தனிப் பக்கங்கள். 'காற்றுத் தரம்' என்று என் மகள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருக்கிறாள். இந்தப் பக்கம் கோடை வந்தால் வெயிலோடு புகையையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அவள் தலைமுறைக்குப் பாலபாடம்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்2கே புண்ணியத்தில் சன்னிவேலில் வந்து இறங்கிய எங்களுக்குத் திட்டம் என்ற ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருத்தன் போன் செய்து, "டேய், சும்மாதானே இருக்கே, வா, காட்டுப்பக்கம் போயிட்டு வரலாம்" என்பான். புளியோதரை ஆறுகிற நேரம்தான் தாமதம். இருக்கிற ஒரே வேனில் எத்தனை பேரை அடைக்க முடியுமோ அத்தனை பேரும் ஏறிக்கொள்வோம். டிரிபிள் ஏ என்ற கார்க்காரர்கள் சங்கம் கொடுத்த வரைபடம் முன்சீட்டில். ஒருமுறை பிரித்தால், மறுபடி பழையபடி மடிக்க ஒருவராலும் முடியாது. சாரட்டோகாவைத் தாண்டி ஒன்பதாம் நெடுஞ்சாலையில் மலையேறி, 236இல் இறங்கினால், எதிரே வண்டி வந்தால் யார் பின்னால் போவது என்று கண்ஜாடையில் முடிவு செய்ய வேண்டிய அளவுக்குக் குறுகலான வளைவுகள். வேனில் எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே இருக்கும். வாசலில் ரேஞ்சரிடம் சில டாலரைக் கொடுத்தால் ஒரு துண்டுச் சீட்டு. அதைக் கண்ணாடியில் வைத்துவிட்டு இறங்கினால் காடு.

மரங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் வருஷம், அதற்கும் மேலே என்று பலகையில் எழுதியிருந்ததை நம்பினோம். ராஜராஜன் தஞ்சையில் கோயில் கட்டியபோது இது கன்றாக இருந்திருக்கும் என்று ஒருவர் சொல்வார். இல்லை, அப்போதே இது பெரிய மரம் என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். 36 படச் சுருளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். எந்தப் படத்திலும் மரம் முழுசாக விழாது. 'காட்டின் தாய்' என்று பெயர் வைத்திருக்கும் மரம் ஒரு காலத்தில் 329 அடி உயரம் இருந்ததாம். கோடாக் கேமரா அதில் முழங்கால் வரைக்கும்தான் பார்த்தது. மன்னார்குடிக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அப்பா, "உங்க பின்னாடி இருக்கிறது என்ன, சுவரா?" என்று கடிதத்தில் கேட்டிருந்தார்.

இந்தப் பூங்கா பிறந்ததே ஒரு போட்டோ தகராறில்தான். 1899இல் சான் ஹோஸேக்காரரான ஆண்ட்ரூ பி. ஹில் என்ற ஓவியர், ஃபெல்டன் பக்கத்தில் ஒரு தனியார் தோப்பில் ரெட்வுட் மரங்களைப் படம் எடுத்தார். தோப்புக்காரர், எடுத்த நெகட்டிவ்களைக் கொடுத்துவிட்டுப் போ என்று மல்லுக்கு நின்றார். ஹில்லுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மரங்கள் தனியாள் சொத்தாக இருக்கக் கூடாது என்று கிளம்பி ஆள் சேர்த்தார். 1900இல் செம்பர்வைரன்ஸ் கிளப், 1902இல் பூங்கா. கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பழையது இதுதான். மரம் வெட்டும் கம்பெனிக்காரர்கள் கடலோரத்து ஆதி ரெட்வுட் காட்டில் இருபதில் ஒரு பங்கைத்தான் மிச்சம் வைத்தார்கள் என்பதை நினைத்தால், அந்தத் தோப்புக்காரரின் கஞ்சத்தனத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அம்மா முதல்முறை வந்திருந்தபோது அவளையும் கூட்டிப் போனோம். அன்றைக்கு அமாவாசை. டேபிளில் டிபன் கேரியரைத் திறந்ததும் கையைத் தடுத்தாள். "காக்காய்க்கு வைக்காம எப்படிடா வாயில வைக்கிறது?" பேப்பர் தட்டில் தயிர்சாதம் வைத்து, மேலே எள்ளைத் தூவி, ரெட்வுட்டைப் பார்த்து "கா, கா" என்று குரல் கொடுத்தாள். பக்கத்து டேபிள் வெள்ளைக்காரக் குடும்பம் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. மேலேயிருந்து ஒன்று இறங்கியது. உடம்பு நீலம், தலை கறுப்பு, உச்சியில் கொண்டை. "இதென்னடா, காக்காய்க்கு யாரோ பட்டுச் சட்டை போட்டு விட்டாப்ல இருக்கு?" என்றாள். ஸ்டெல்லர் ஜே என்று பலகையைப் படித்துச் சொன்னேன். அது ஒரு பருக்கை விடாமல் தின்றது. தாத்தா திருப்தியாகிவிட்டார் என்று அம்மா அறிவித்தாள். காக்கைக் குடும்பம்தானே என்றாள். பறவை நூல்களும் அதைத்தான் சொல்கின்றன.

சிக்கல் அங்கேதான். இதே காட்டின் உச்சியில் மார்பிள்டு மர்லெட் என்று ஒரு கடல்பறவை முட்டையிடுகிறது. இரை தேடுவது பசிபிக்கில், குடித்தனம் மலைக்காட்டில். கூடு என்று ஒன்றும் கட்டாது. பாசி படர்ந்த தடித்த கிளையில் ஒரே ஒரு முட்டை. அவ்வளவு தடித்த கிளை முதுமரத்துக்குத்தான் உண்டு. அது எங்கே முட்டையிடுகிறது என்று அறிவியல்காரர்கள் நெடுங்காலம் தேடினார்கள். 1974இல் பிக் பேசினில் கிளை கழிக்க ஏறிய ஓர் ஆள் குஞ்சோடு கண்டுபிடித்தார். அந்த முட்டைக்கு எமன், ஜேயும் அண்டங்காக்கையும். நாம் சிந்தும் பருக்கைக்காக அவை டேபிளைச் சுற்றிப் பெருகும்; பெருகியவை அப்படியே மேலே போய் முட்டையையும் பார்த்துவிடும். அதனால் இப்போது ஒரு துணுக்குக்கூடச் சிந்தாதே என்று பூங்காவே பிரசாரம் செய்கிறது. பித்ரு காரியத்துக்கு விதிவிலக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பிடித்த தீ, 86,000 ஏக்கருக்கு மேல் தின்றது. பூங்காவில் 97 சதவீதம் அதில் போயிற்று. 1930களில் மரத்தாலேயே கட்டிய தலைமையகம் சாம்பலாயிற்று. பார்க்கிங், கழிப்பறை, தண்ணீர், மனிதனுக்காக வைத்திருந்த ஏற்பாடெல்லாம் போனது. ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளாததாக நாங்கள் நினைத்திருந்த மரங்கள் பெரும்பாலும் நின்றன. அவற்றின் பட்டை ஓர் அடி வரை தடிமன். கருகிய தண்டில் அடி முதல் உச்சிவரை பச்சைத் துளிர் மொய்த்தது. ஆராய்ந்தவர்கள் 2023இல் சொன்னது எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தத் துளிர் பட்டைக்கடியில் நூற்றாண்டுகளாக உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து வந்ததாம். அவற்றில் சில மொட்டுகள் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியவை. அதை வளர்த்த சர்க்கரை, மரம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சேமித்து வைத்தது. எங்கள் கூகுள் ஷீட் இன்னும் சனிக்கிழமையைத் தாண்டவில்லை.

2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். அப்போது சில டஜன் கார்களுக்கு மட்டும் இடம் வைத்தார்கள், அதற்கும் முன்பதிவு. முன்பதிவு காட்டுக்குள் நுழைய அல்ல, காரை நிறுத்தத்தான். ஆக, நாம் பதிவு செய்வது காட்டை அல்ல, காருக்கு ஒரு செவ்வகத்தை. மகள் லேப்டாப்பும் கையுமாகக் காத்திருந்து ஒரே ஒரு செவ்வகத்தைப் பிடித்தாள். நான்கு குடும்பத்தில் ஆளுக்கொரு டெஸ்லா. எல்லோரும் ஒரு வாடகை வேனில் அடைவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தவன் அந்தக் காலத்து வேனில் ஏழாவது ஆளாக என் மடியில் உட்கார்ந்து வந்த அதே நண்பன்.

அடுத்து சாப்பாடு. சிந்தக் கூடாது என்றதும் முறுக்கு முதல் சுற்றிலேயே வெளியேறியது. காராபூந்தியை யாரும் முன்மொழியவே துணியவில்லை. புளியோதரைக்கு உதிரியாக வடித்த சாதம்தான் பெருமை. அதுவே வினையாக முடிந்தது. கடைசியில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஜெயித்தது. பொடி உதிராதா என்று ஒரு மாமி கேட்டாள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் உதிராது என்று என் மனைவி பதில் போட்டாள். அதற்கு மட்டும் பதினாறு கட்டைவிரல்கள்.

இரவு அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டுச் சொன்னோம். எண்பதைத் தாண்டிவிட்டாள், அந்த நீலப் பறவையை மறக்கவில்லை.

"அந்தக் காக்காய் இன்னும் இருக்கா? அமாவாசையா பார்த்துப் போங்க."

"பாட்டி, அதுக்குச் சாப்பாடு போடக் கூடாது. இப்ப ரூல்."

அம்மா எழுந்து போய்ச் சுவரில் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். "சனிக்கிழமை அஷ்டமிடா. வேற நாள் மாத்து."

"மாத்தினா புக்கிங் பணம் திரும்ப வராது பாட்டி. வேற ஸ்லாட்டும் இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, ஒம்பது மணிக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க" என்றாள்.