நண்டுக்கும் ஒரு பாட்டு

கே: அமெரிக்காவில் ஸ்பானிஷ்காரர்கள் உருவாக்கிய மீனவ ஊர் உண்டா?

ப: உண்டு. லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்கிழக்கே, செயின்ட் பெர்னார்ட் சதுப்பு நிலத்தில் இருக்கிறது டெலக்ரோ தீவு. இந்த ஊர்க்காரர்களுக்கு 'இஸ்லேன்யோ', அதாவது தீவுக்காரர் என்று பெயர். 1778 முதல் 1783 வரை கேனரித் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பிரிட்டிஷாரிடமிருந்து லூசியானாவைக் காக்க சிப்பாய்கள் தேவைப்பட்டபோது, கல்யாணமானவர்களையே ஸ்பெயின் விரும்பி அழைத்தது. மனைவி மக்களோடு வந்தால்தானே ஊர் நிலைக்கும்!

முதலில் ஏர் பிடித்தார்கள். பிறகு சதுப்பு நிலம் அவர்களை இறால், நண்டு, சிப்பிப் பக்கம் இழுத்துக்கொண்டது. நண்டு பிடிப்பவனின் குளிரையும் கஷ்டத்தையும் 'தெசிமா' என்ற பாடலாக ஸ்பானிஷிலேயே பாடினார்கள். வலையோடு மொழியையும் பேரனுக்குக் கொடுத்த ஜனம்!

1927 மிசிசிப்பி வெள்ளத்தில் நியூ ஆர்லியன்ஸைக் காப்பாற்ற, கேர்னார்வனில் ஆற்றுக்கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நகரம் நனையவில்லை, இவர்கள் வீடு மூழ்கியது. வாக்களித்த நஷ்டஈடோ பலருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. 2005இல் கத்ரீனா புயல் மறுபடி ஊரைத் துடைத்தது. அதன்பிறகும் படகைச் செப்பனிட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்கள் உண்டு.