சந்தா கட்டிச் செய்யும் உத்தியோகம்

'ஈவினிங் ஸ்டார்' என்னும் நீராவி என்ஜினை 1960இல் ஸ்விண்டன் பட்டறையில் புத்தம்புதிதாகக் கட்டி முடித்து, ஐந்தே ஆண்டுகளில் அதற்கு ஓய்வும் கொடுத்தனுப்பிய பிரிட்டிஷ் ரயில்வேயின் தீர்க்கதரிசனத்தை நாம் வியந்து முடிப்பதற்குள், அந்நாட்டுப் பிரஜைகளின் மகாத்மியம் நம்மைத் திகைக்க வைக்கிறது. வேல்ஸ் நாட்டின் பாரி துறைமுகத்தில், உட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கிடங்கிற்கு வந்து சேர்ந்த 297 என்ஜின்களில் பெரும்பாலானவை, சரக்கு வண்டிகளை உடைப்பதிலேயே அவர்கள் மும்முரமாயிருந்த புண்ணியத்தால் கடற்காற்றில் துருவேறிக் கிடக்க, 213 என்ஜின்களை ஆர்வலர்கள் விலை கொடுத்து மீட்டுச் சென்றனர். சம்பளம் கொடுத்து ஏவினால் தொழிற்சங்கத்தில் முறையிடத்தக்க வேலைகளை, அதாவது நெருப்புப்பெட்டிக்குள் தவழ்ந்து புகுந்து சாம்பல் வாருவதையும், கொதிகலன் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டுவதையும், ஓய்வுபெற்ற கணக்கர்களும் உபாத்தியாயர்களும் என்ஜின் புனரமைப்புச் சங்கத்திற்குச் சந்தா கட்டிப் பரமானந்தத்துடன் செய்கிறார்கள். பல்லாண்டுப் பிரயாசைக்குப் பின் புகை கக்கிப் புறப்படும் என்ஜின், வழக்கமாகப் பத்தாண்டில் கொதிகலன் சான்றிதழ் காலாவதியாகி மறுபடியும் அக்கக்காகப் பிரிக்கப்படுகிறபோது, அவர்களுடைய உற்சாகம் இரட்டிப்பாகிறதேயன்றிக் குறைவதில்லை. ஆகவே, சிப்பந்திகளிடம் சிரத்தை இல்லையே என்று விசனப்படும் அதிகாரிகளுக்கு ஒரு யோசனை: சம்பளத்தை நிறுத்திவிட்டுச் சந்தா வசூலிக்கத் தொடங்குங்கள்.