போயும் போகாமல் வருவது எப்படி?

எராஸ்மஸ் பிளஸ் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். பேராதனையிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் படிப்பு, அதன் வாலில் மூன்று மாத உள்ளகப் பயிற்சி. தெல்தோட்டையில் பஸ் ஏறி, கலஹா வழியாகத் தொங்கிக்கொண்டு கம்பஸ் போய்வந்த ஆளுக்கு இது பெரிய தாவல்தான். பயப்பட வேண்டாம். போன இடத்தில் எதுவும் உங்கள் மேல் ஒட்டாமல் பத்திரமாகத் திரும்பி வர நான் வழி சொல்கிறேன். பாதியை நீங்களே ஏற்கெனவே செய்துவிட்டிருப்பீர்கள்.

1. பிறப்புச் சான்றிதழைத் திறக்காதீர்கள். அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்கு இது பரம்பரைச் சொத்து. ஓ.எல். எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த பிழையை இப்போது அவசரப்பட்டுத் திருத்துவானேன்? விசாவுக்குப் போகும் கிழமையில் பிரதேச செயலகத்துக்கு ஓடுங்கள். "நாளைக்கு வாங்க" என்பார்கள். அதற்குப் பிறகு உங்கள் தாமதத்துக்கு அரசாங்கம் பொறுப்பு.

2. சொந்தச் செலவில் போகிறவர்கள் முடக்கிய வங்கிக் கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அதுதான் கணக்கு. உங்கள் கையில் புலமைப்பரிசில் கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, கொழும்புத் தூதரகத்துக்குக் கிளம்புங்கள்.

3. பாடத் தெரிவு ஒப்பந்தத்தில் வாசிக்காமல் கையெழுத்திடுங்கள். உங்கள் பட்ச் நண்பன் எடுத்த பாடங்களையே எடுங்கள். அவற்றில் இரண்டு ஜெர்மன் மொழியில் நடப்பதைப் போய்த் தெரிந்துகொள்ளலாம். ஒரு செமஸ்டருக்கு 30 ஐரோப்பியப் புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு. பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கும் திறமையைக் கடைக்குப் போகும்போது காட்டுங்கள்: பாணை ரூபாயில் பெருக்கி, தக்காளியை ரூபாயில் பெருக்கி, காலிப் போத்தலுக்குத் திரும்பக் கிடைக்கும் 25 சென்டையும் பெருக்கி ஒரு பெருமூச்சு விடுங்கள்.

4. பெட்டியை நிரப்புங்கள். கட்டச்சம்பல், சீனிச்சம்பல், மாசி, கருவாடு. மீனுக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் ஆளுக்கு 20 கிலோவரை இடம் தருகிறது. இப்படி ஒரு கருணையை வீணாக்கலாமா? குளிர் சட்டைக்கு இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

5. பேராசிரியருக்கு ஒரு பக்கற் தேயிலை கொண்டுபோங்கள். இது முக்கியமான படி, கவனமாகச் செய்யுங்கள். "இது எங்கே விளைகிறது?" என்று அவர் கேட்பார். "சிலோன்" என்று சொல்லிச் சிரியுங்கள். உங்கள் ஊரைத் தாண்டி மேலே ஏறினால் லூல்கந்துர தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டது அங்கேதான். 1873இல் லண்டனுக்குப் போன பொதி வெறும் 23 இறாத்தல். இதையெல்லாம் நீங்கள் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. அவர் வீட்டுக்குப் போய் வாசித்துவிட்டு அடுத்த கிழமை உங்களுக்கே சொல்லித் தருவார். "அப்படியா சேர்?" என்று ஆச்சரியப்படுங்கள்.

அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். "எங்கள் குடும்பம் தேயிலைத் துறையில் இருக்கிறது" என்றால் போதும். பொய்யே இல்லை. உங்களைத் தோட்ட முதலாளியின் மகன் என்று அவர் நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு.

6. விரிவுரைக்கு 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். பத்தேகாலுக்குத் தொடங்கும் என்று அர்த்தம். யாரிடமும் கேட்காமல், ஒரு மாதம் முழுக்கப் பத்து மணிக்கே போய் வெறும் மண்டபத்தில் உட்கார்ந்து, ஜெர்மன்காரர் நேரம் தவறாதவர்கள் என்பதெல்லாம் சும்மா கதை என்று வீட்டுக்குச் சொல்லுங்கள். முடிவில் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். அது பாராட்டு. நீங்கள் எழுந்து நில்லுங்கள்.

7. சனி ஞாயிறில் ஹாம் நகருக்கு ரயில் ஏறுங்கள். அங்கே 2002இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது; கோபுரத்தோடு, தேரோடு, நம்மவர்கள் எழுப்பிய கோயில். யுத்தத்துக்குத் தப்பி வந்து, கண்ட கண்ட உணவகங்களில் கோப்பை கழுவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் பந்தியில் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணே, இங்கேயே நின்றுவிட வழி இருக்கா?"

"தம்பி எவடம்?" என்று அவர்களும் கேட்பார்கள். "கண்டி" என்று சொல்லுங்கள். "கண்டியில எங்க?" என்றால், "டவுன்தான்." சாம்பாரை ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

8. மிச்ச நேரம் முழுக்கப் போனில் இருங்கள். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம்தான். பேராதனை கன்டீனில் யார் யாரோடு பிளேன்டீ குடித்தார்கள் என்பது சுடச்சுட வந்துவிடும். பக்கத்து அறைக்காரனின் பெயரைத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. வேண்டியதும் இல்லை.

9. உள்ளகப் பயிற்சியில் தாரக மந்திரம் "யெஸ் சேர்". மேற்பார்வையாளர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். அதற்கும் "யெஸ் சேர்". வேலை விளங்கியதா? யெஸ். அளவுமானி ஒரு மாதிரி காட்டுகிறதே, ஒழுங்காக வேலை செய்கிறதா? யெஸ். திங்கட்கிழமை தோறும் என்ன சரிவரவில்லை என்று பேசவே ஒரு கூட்டம் வைப்பார்கள். "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு, பழைய கோப்பிலேயே இன்னொரு கிழமை எண்களைப் பதியுங்கள். அவர்கள் கண்டுபிடித்து முகத்துக்கு நேரே சொன்னால் இனவாதம் என்று பட்ச் குரூப்பில் போடுங்கள்.

பட்டப்படிப்புக்குக் கட்டாயமான பயிற்சிக்கு அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லாது. நாமாக விரும்பிச் செய்வது மூன்று மாதத்தைத் தாண்டினால் செல்லும். உங்களுடையது எது என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடாதீர்கள்.

10. பெறுபேறு வரும். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 என்றால் மயிரிழையில் சித்தி. பேராதனையில் 4.0 தான் உச்சம். புரிகிறதல்லவா? "எனக்கு நாலு" என்று ஊருக்கு அறிவித்துவிட்டு அடக்கமாக இருங்கள்.

11. அறிக்கையைச் சென்ற வருடம் போனவரிடம் வாங்கிப் பெயரை மாற்றுங்கள். நகரத்தின் பெயரையும் மாற்ற வேண்டும். சிலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

12. ஊருக்கு வந்ததும் அங்கே வாங்கிய பஞ்சு ஜாக்கெட்டோடு கலஹா சந்தியில் நின்று, பஸ் பிந்துவதைப் பற்றி உரக்கச் சலித்துக்கொள்ளுங்கள். தெல்தோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், முதலாம் வருடம், கிட்ட வருவான். "அண்ணே, நீங்க போன அதுக்கு எப்படிப் போடுறது?" விண்ணப்ப முடிவு திகதி அடுத்த வெள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். படிவமும் உங்கள் போனிலேயே இருக்கிறது. அவன் தோளில் கைபோட்டு, "முதல்ல இங்கிலீஷை நல்லாப் பிடி தம்பி, அடுத்த வருசம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறி சீட்டைப் பிடியுங்கள்.