எங்க போட்டீய?

காலையில் எதிர்ப்படுகிறவரைப் பார்த்து 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பது நம் வழக்கம். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி அண்ணாச்சி அதைக் கேட்க மாட்டார். நம் கார் கேட்டுக்குள் நுழையும்போது லேசாக ஒரு தும்மல் போட்டால் போதும், பால்கனியிலிருந்து குரல் இறங்கும்: “எங்க போட்டீய?”

புதிதாகக் குடிவந்த ஒருவர், குப்பையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, “தொட்டியிலதான் சார் போட்டேன்” என்று பயந்து பதில் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி கேட்டது பெட்ரோல். எந்த பங்க்கில் போட்டீர்கள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள், போடும்போது இறங்கி நின்றீர்களா, உட்கார்ந்தே இருந்தீர்களா. நாடி பிடிக்கிற வைத்தியர் 'ராத்திரி என்ன சாப்பிட்டே' என்று ஆரம்பிப்பாரே, அந்தத் தோரணை.

இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் திருநெல்வேலிக்காரர் என்பதால் கொஞ்சம் வீரியம் கூடுதல். தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அல்வாவுக்கு ருசி வராது என்று நம்பி வளர்ந்தவர். தாம்பரத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும், தண்ணீர் மேல் இருந்த அந்த நம்பிக்கை அப்படியே பெட்ரோல் மேல் தாவி உட்கார்ந்துவிட்டது. “பிள்ளையளுக்கு ஊர்த் தண்ணி ஒத்துக்கலன்னா காய்ச்சல் வருதுல்லா? வண்டியும் பிள்ளை மாதிரிதான் தம்பி” என்பார்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. அண்ணாச்சியின் கார் இருபது வருஷப் பழசு. ஆனால் வண்டியில் குறை கிடையாது. ஓட்டுகிறவரிடம் நிச்சயமாகக் கிடையாது. மிச்சம் பெட்ரோல்தான். அதற்கோ வாய் கிடையாது. விசாரிப்பதற்குள் எரிந்தும் போய்விடும். இதைவிட இணக்கமான குற்றவாளி எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வாய்த்ததில்லை.

அவர் பெட்ரோல் போடும் அழகைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒருமுறை கூடப் போனேன். விடியற்காலை ஐந்தே முக்கால். வெயில் ஏறினால் பெட்ரோல் உப்பிவிடுமாம், குளிர்ச்சியில் போட்டால் லிட்டர் கனமாக விழுமாம். பெட்ரோல் சூட்டில் விரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் விரியும். அதுவும் பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் கிடக்கிறது. மேலே விடிந்ததா, உச்சி வெயிலா என்பது அதற்கு எட்டாது. இதைச் சொன்னேன். “தம்பி படிச்சதச் சொல்லுதிய, நான் பட்டதச் சொல்லுதேன்” என்றார். அதற்கு மேல் என்ன பேச?

பங்க் பையன் தூக்கக் கலக்கத்தில் “ஜீரோ பாத்துக்கோங்க சார்” என்றான். அண்ணாச்சி ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார், மீட்டரை அல்ல, பையனின் கட்டைவிரலை. ஆயிரம், ஐந்நூறு என்று முழுசாகச் சொல்ல மாட்டார். 'செட்' பண்ணி வைத்திருப்பார்களாம். “ஆயிரத்து முப்பத்தேழு ரூவாய்க்குப் போடு.” பெட்ரோல் இறங்கும்போது காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார், அரிசி அளக்கும்போது படியைத் தட்டுவது போல. மீட்டரில் காட்டும் டென்சிட்டியைச் சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டார். 720க்கும் 775க்கும் நடுவில் இருந்தால் சரி, அன்று 748. ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டு, ஊதாமல் காத்திருந்தார். கலப்படம் இல்லாத பெட்ரோல் கறை விடாமல் பறந்துவிடும். பறந்தது.

அவருக்குத் திருப்தி இல்லை. முத்திரை போட்ட 5 லிட்டர் அளவையைக் கொண்டுவரச் சொன்னார். கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, எந்த பங்க்கும் மறுக்கக் கூடாது. பின்னால் பால் வண்டிக்காரர் ஹாரனில் ஒரு ராகமே பாடிக்கொண்டிருந்தார். 5 லிட்டரில் 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம் என்பது கணக்கு. அண்ணாச்சி குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். அளவு கோட்டில் நின்றது. ஒரு மனிதரின் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை. கார் கிளம்பி நாலு பர்லாங் போன பிறகுதான் தெளிந்தார். “அளவுல கை வைக்கலன்னா என்ன அர்த்தம்? தரத்துல வச்சிட்டான்.”

அவருடைய பயத்துக்கு ஒரு பழைய நியாயமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ரேஷனில் நீலக் கெரசின் வந்த காலத்தில் அது அடுப்புக்குப் போனதைவிட எங்கெங்கோ போயிற்று. கெரசின் கலந்த பெட்ரோலில் ஸ்கூட்டர் கக்கிய புகையும், கரி பிடித்த பிளக்கை வீட்டம்மாவின் ஹேர்பின்னால் சுரண்டியதும் அவர் தலைமுறைக்கு மறக்காது. ஒரு துளி விரலில் தொட்டு மோந்து பார்த்தே சொல்லுவார்கள். அந்த மூக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் பாயிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். வண்டி இழுக்கவில்லை, பெட்ரோலில் கோளாறு, டேங்க்கைக் கழற்றிக் கழுவு என்று அண்ணாச்சி அனுப்பிவைத்த ஒரு காரில், ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஹேண்ட் பிரேக் பாதி இறங்காமலே ஒரு வாரம் ஓடியிருந்தது. “பிரேக் புடிச்சா வண்டி இழுக்காது, சரி. ஆனா நல்ல பெட்ரோலா இருந்தா பிரேக்கையும் மீறி இழுத்திருக்கும்லா” என்றாராம் அண்ணாச்சி. பாய் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.

ஆக்டேன் என்ற சொல் அண்ணாச்சியிடம் எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. வந்த நாளிலிருந்து அதைப் புரோட்டீன் மாதிரி பாவிக்கிறார்: எண் கூடக் கூட வண்டிக்குத் தெம்பு. விஷயம் அதுவல்ல. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமை. பிஸ்டன் அழுத்துகிற அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல், பிளக் பொறி வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை போதாத பெட்ரோல், தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் கைதட்டுகிற ரசிகரைப் போல முந்திக்கொள்ளும். தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி அப்போது ஒரு சத்தம் வரும்; அதுதான் நாக்கிங். இந்தக் காலத்து கார்களில் அதைக் கேட்க ஒரு சென்சார் உண்டு. சத்தம் வந்ததும் பொறி வைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சத்தம் நிற்கும், கூடவே பிக்கப்பும் படுக்கும். 95 கேட்கிற டர்போ எஞ்சினுக்கு 91 ஊற்றினால் நேர்வது இது. சாதா 91 போதும் என்று கட்டப்பட்ட எஞ்சினுக்கு 100 ஊற்றினால் என்ன நேரும்? ஒன்றும் நேராது. பர்ஸ் மட்டும் இளைக்கும்.

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அண்ணாச்சியின் நெடுநாள் ஏக்கம் தீர்ந்தது. லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதல். பத்து லிட்டர் போட்டுவிட்டு, பெருங்களத்தூர் பாலத்தில் என்னை உட்காரவைத்து ஏற்றினார். “பறக்குதா இல்லையா?” பறந்தது என்றேன். முந்தின நாள்தான் பாய் நாலு பிளக்கையும் மாற்றியிருந்தார் என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப் பயணம். தாம்பரத்தில் முட்ட நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார். வெளியூர்ப் பெட்ரோல் சேராதே. ஆனால் டேங்க் 35 லிட்டர்தான். திருநெல்வேலி சுமார் 600 கிலோமீட்டர். மதுரைப் பக்கம் கை நீட்டியே ஆக வேண்டும். வேண்டா வெறுப்பாக எட்டு லிட்டர். அதிலிருந்து கோவில்பட்டி வரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் மதுரைதான் பொறுப்பு. ஸ்பீட் பிரேக்கரில் குதித்தால்கூட “பாத்தியளா, மதுரைப் பெட்ரோல்!” மணலி சுத்திகரிப்பு ஆலையில் கிளம்புகிற பெட்ரோல், திருச்சி வழியாக மதுரைவரை பூமிக்கடியில் குழாயிலேயே போகிறது. அதாவது, அண்ணாச்சி பயந்து பயந்து எந்தப் பெட்ரோலை விட்டுவிட்டு வந்தாரோ, அதுவே அவருக்கு முன்னால் போய் மதுரையில் காத்திருந்திருக்கலாம். இதையும் நான் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டைக்குள் நுழைந்து ஊர்ப் பெட்ரோல் உள்ளே இறங்கியதும் அவர் முகத்தில் வருகிற மலர்ச்சியைக் கெடுக்க மனசு வராது.

இருபது சதவீத எத்தனால் வந்தபோது அண்ணாச்சி பத்து வயது இளமையாகிவிட்டார். ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த கலப்படத்தை அரசாங்கமே அறிவித்துச் செய்கிறதென்றால் சும்மாவா? எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது நிஜம். பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பதும் சரி. அண்ணாச்சியின் கணக்கில் குறைந்தது நாற்பது சதவீதம். அவர் மகன் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றிய பெட்ரோலும் எத்தனால் கணக்கில்தான் எழுதப்பட்டது. எத்தனால் சேர்ந்தால் ஆக்டேன் கூடும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

போன ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. பக்கத்து பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பினேன். தெருமுனையில் கார் விக்கியது. இழுத்து இழுத்து, கேட்டுக்குள் வந்து செத்தது. எனக்கு முன்னால் இரண்டு ஸ்கூட்டர்களைத் தள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தேன். பாய் வந்து டேங்க்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே மஞ்சளாக ஒன்று, கீழே கலங்கலாக ஒன்று. நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல் கோடு. மழைத் தண்ணீர் பங்க் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் என்றால் எத்தனால் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே.

முதன்முறையாக ஒரு நிஜப் பெட்ரோல் வழக்கு, சாட்சிப் பாட்டிலோடு! நானே மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார்.

“எங்க போட்டீய?”

சொன்னேன். அவர் இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிற பங்க். அங்கே போடச் சொல்லி எனக்குச் சிபாரிசு செய்தவரும் அவர்தான்.

பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார். “பெட்ரோல்ல ஒண்ணுமில்ல தம்பி. நீங்க கிளட்ச்சுல கால வச்சே ஓட்டுதிய.”

பாய் என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியின் காரைப் பார்த்தேன். உறை போட்டு மூடியிருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து அது அசையவே இல்லை என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டு வந்த வண்டியை நாலு பேர் உள்ளே தள்ளினார்களாம்.

“வண்டிக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன்” என்றபடி குடையை விரித்து வெளியே போனார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தார். கிளம்பும்போது ஆட்டோ ஒரே ஒரு தடவை லேசாகக் குலுங்கிற்று. மழைச் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டது:

“கேஸ் எங்க போட்டீய?”