தொட்டி மம்முட்டி ஆன கதை

எருத்தேன்பதியில் நின்று "மம்முட்டி" என்று கத்தினால் தாத்தா வரப்பில் கிடக்கும் மண்வெட்டியைத் தேடுவார், பேரன் சினிமா போஸ்டரைத் தேடுவான். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, கோவை எல்லையோரம். ரேஷன் கார்டு கேரளாவுடையது, வசவு கொங்குநாட்டுடையது. இந்த ஊரில் வந்து "மம்முட்டியை மம்முட்டி என்றே சொல்லுங்கள்" என்று வெள்ளைக்காரன் உபதேசித்தால், எந்த மம்முட்டி என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உபதேசத்தின் அர்த்தம் எளிது: பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி சொல். அது பிறந்த இடம்தான் கூத்து. தோட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கி.மு. 348இல் ஒலிந்தஸ் என்ற கிரேக்க நகரத்தை மாசிடோனியா ராஜா பிலிப் பிடித்தார். அலெக்சாண்டரின் அப்பா, ஒரு கண் ஏற்கெனவே போரில் போயிருந்தது, மிச்சக் கண்ணுக்கு விலைபோகிற ஆளை அடையாளம் காணும் திறமை இருந்தது. குதிரைப்படைத் தலைவன் லாஸ்தனீஸ் காசு வாங்கிக்கொண்டு ஊரைக் காட்டிக்கொடுத்தான். நகரம் தரைமட்டமானது, ஜனங்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். காட்டிக்கொடுத்த கூட்டம் மட்டும் ராஜாவிடமே போய் அழுதது: "உங்கள் ஆட்கள் எங்களைத் துரோகி என்கிறார்கள்!" ஊரையே விற்றவர்களுக்கு மனசு புண்பட்டுவிட்டதாம். அதற்குப் பிலிப் சொன்ன பதிலை நானூறு வருஷத்துக்கு மேல் கழித்துப் புளூட்டார்க் எழுதிவைத்தார். சாரம் இதுதான்: எங்கள் பசங்க பட்டிக்காட்டான்கள், தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள்.

ஆம், தொட்டி. மாவு பிசைகிற, குடைந்து செய்த தொட்டி. மம்முட்டி அந்த நாட்டுப் பக்கமே வரவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸ் இதை லத்தீனுக்குக் கொண்டுபோனார். ஐரோப்பாவே கையெடுத்துக் கும்பிட்ட டச்சுப் பண்டிதர். கிரேக்கத்தில் தொட்டிக்கும் தோண்டுகிற கருவிக்கும் பெயர்கள் பங்காளிகள், ஒரே வேர். பண்டிதர் தொட்டியைக் கூப்பிடப் போய் மண்வெட்டியை அழைத்து வந்துவிட்டார். தூக்கக் கலக்கமா, வேண்டுமென்றே செய்ததா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. எருத்தேன்பதிக் கவுண்டரிடம் பஞ்சாயத்துக்கு விட்டால், "ஏனுங்க, தண்ணி காட்டுற தொட்டிக்கும் வாய்க்கால் வெட்டுற மம்முட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவரு பண்டிதருங்களா?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

லத்தீனிலிருந்து 1542இல் ஆங்கிலத்துக்கு இழுத்து வந்தவர் நிக்கோலஸ் யூடால். ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியர். முந்தின வருஷம்தான், பள்ளியின் வெள்ளிச் சாமான் திருட்டுப் போன விவகார விசாரணையில் சிக்கி வேலையை இழந்திருந்தார். ஆக, துரோகியின் புகாரில் பிறந்து, பண்டிதரின் கையில் பொருள் மாறி, வேலை போன வாத்தியாரால் ஊருக்குள் வந்ததுதான் ஒளிவுமறைவின்மைக்கான அந்த மகா வாசகம். உள்ளதை உள்ளபடி சொல் என்கிற வாசகமே உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை.

நாம் இந்த விஷயத்தில் யோக்கியர்கள். மறைத்துப் பேசுவோம் என்பதை இலக்கணத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நன்னூல் அதற்குத் தகுதிவழக்கு என்று பெயர் வைத்து மூன்று சலுகைகள் தருகிறது. இடக்கரடக்கல்படி கொல்லைக்குப் போனவர் கால் கழுவி வருகிறார். மங்கலப்படி செத்தவர் துஞ்சுகிறார், சுடுகாடு நன்காடு ஆகிறது. குழூஉக்குறியில் தட்டார் பொன்னைப் 'பறி' என்கிறார். நகை செய்யக் கொடுத்தவருக்குப் பின்னாளில்தான் அதன் பொருத்தம் புரியும்.

நாலாவது ஒன்றையும் சேர்க்கலாம், அரசாங்க வழக்கு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாடு கேரளாவுக்குத் தர வேண்டும். குறைந்துபோகிற வருஷங்களில் இரண்டு பக்கமும் கடிதம் போகும், கூட்டம் நடக்கும், தேநீர் வரும். "தர முடியாது" என்று மட்டும் எவரும் எழுதமாட்டார்கள். "பரிசீலிக்கப்படும்" என்று எழுதுவார்கள். இந்த ஒரு வேலைக்காவது பிலிப்பின் பட்டிக்காட்டுச் சிப்பாய் ஒருவனைக் குமாஸ்தாவாக நியமிக்கலாம்.