பெசையாத மாவும் காந்தலூர் ஆப்பிளும்

கடை மாவுல ஆப்பிள் பலகாரம் சுடப் போறேன்னு சொல்றதுக்கு எதுக்கு அம்மிணி இத்தனை கூச்சம்? நம்ம கோபாலபுரத்துல இருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் இட்லி மாவுப் பாக்கெட்டு வாங்காத வீடு ஒண்ணு காட்டு பாப்போம். வாங்கியாந்து போசியில ஊத்தி, ‘நானே ஆட்டுனதுங்க’ன்னு ஒறம்பரைகிட்டச் சொல்றாங்க. ஒறம்பரையும் ரெண்டு இட்லி சேத்தித் தின்னுட்டு, ‘கைப்பக்குவமே தனிங்க’ன்னு தலையாட்டுது. அவங்க வீட்டுலயும் அதே பாக்கெட்டுத்தான்.

அதனால வாங்கிக்க. பொள்ளாச்சியில பெரிய கடை ஃப்ரீசர்ல பப்ஸ் மாவு தகடா மடிச்சுக் கெடக்கும். மைதாவையும் கொழுப்பையும் மாத்தி மாத்தி மடிச்சுத் தேய்ச்ச சங்கதி அது. நம்மூர்ச் சித்திரை வெயில்ல நீயே தேய்க்கிறேன்னு உக்காந்தா, வெண்ணெய் உருகி முழங்கை வரைக்கும் வழியும். உங்கம்மா பாத்தா பலகாரத்தோட உன்னையும் சேத்துத் திட்டுவா. அது கெடைக்கலைன்னா வேக வெக்காம உறைய வெச்ச பரோட்டா வாங்கு. அதுலயும் அடுக்கு இருக்குதல்ல, போதும்.

மாவுல மிச்சமான மெனக்கேட்டை ஆப்பிளுக்குக் காட்டு. மெழுகு பூசிப் பளபளன்னு நிக்கிற சீமை ஆப்பிளு கண்ணுக்குத்தான் விருந்து. ஆடி ஆவணி வாக்குல இடுக்கி மலையில காந்தலூர் ஆப்பிளு வரும். சித்தெ புளிப்பா இருக்கும், சுடறதுக்கு அதுதான் தோது. கூத்தைக் கேளு, நாமளும் கேரளம், காந்தலூரும் கேரளம். ஆனா இங்கிருந்து போகோணும்னா பொள்ளாச்சி, உடுமலைன்னு தமிழ்நாட்டுல நொழைஞ்சு, சின்னார்ல மறுபடி கேரளத்துக்குள்ள வந்து மலை ஏறோணும். போற வழியில மறையூர்ல உருண்டை வெல்லம் வாங்கிக்க. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க. குடுக்கறதுக்கு முன்னாலயும் இனிப்பாத்தான் இருந்துச்சு.

ஆப்பிளைத் தோல் சீவி, பொடிசா நறுக்கி, வெல்லம், பட்டைத்தூள், சித்தெ எலுமிச்சைச் சாறு விட்டுச் சட்டியில வதக்கு. தண்ணி சுண்டோணும். ஈரத்தோட மாவுல வெச்சேன்னா அடி வெந்தும் வேகாம கொழகொழன்னு நிக்கும். சுண்டுனதும் நல்லா ஆற வெய்யி. அவசரக் குடுக்கைக இங்கதான் மாட்டும். சூடு பட்டா அடுக்குக்குள்ள இருக்கற கொழுப்பு அப்பவே உருகிரும். கொழுப்பு கெட்டியா இருக்கறப்போ நல்ல சூட்டுல வெச்சாத்தான், மாவுல இருக்கற ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேல தூக்கும். அதனால ஓவனை 200 டிகிரிக்குக் காய விட்டுட்டு, அப்பறமா மாவை ஃப்ரிட்ஜை விட்டு எடு. சதுரமா வெட்டி, நடுவுல ஆப்பிளை வெச்சு, ஓரத்தை முள்கரண்டியில அழுத்தி, மேல ரெண்டு கீறல் போட்டு, பால் தடவி உள்ள தள்ளு. இருவது இருவத்தஞ்சு நிமிசம். பொண்ணு பாக்க வந்த வீட்டுல சமையக்கட்டை எட்டிப் பாக்கற அத்தை மாதிரி ஓவன் கதவைத் தொறந்து தொறந்து பாக்காதே. சூடு போனா எழும்புனது படுத்துரும்.

பெசையாத மாவுல சுட்டாப் பலகாரமான்னு யாராச்சும் கேட்டா, தலச்சேரியில பேக்கரி வெச்சிருந்த மம்பள்ளி பாபு கதையைச் சொல்லு. 1883-ல ஒரு வெள்ளைக்காரத் தொரை சீமைக் கேக்கைக் கொண்டாந்து, இதே மாதிரி செஞ்சு குடுன்னாராம். அச்சு உள்ளூர்க் கொல்லன் அடிச்சது. பிராந்திக்குப் பதிலா முந்திரிப் பழத்துச் சாராயம். அப்படியும் தொரை தின்னு பாத்துட்டு, இன்னும் பன்னெண்டு வேணும்னு கேட்டதாச் சொல்றாங்க. அதுக்காக நீ சித்தூர்க் கள்ளுக்கு ஆள் அனுப்பாதே. அனுப்புனாலும் வீடு வந்து சேராது, வழியில நான் உக்காந்திருப்பேன்.

ஓரத்துல வெட்டுன மாவுத் துண்டைத் தூக்கி எறிஞ்சராதே. சர்க்கரை தூவிச் சுட்டு, எனக்குன்னு ஒரு டப்பாவுல எடுத்து வெச்சிரு. என்ற சர்க்கரையைப் பத்தி டாக்டர் சொன்னது உங்கம்மாளுக்குத்தான் தெரியும். உனக்குத் தெரியாது, கேட்டியா?